பதினோரு நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம்

ஊதிப்போன பிஸ்கட் பாக்கெட்டை என் மச்சினன் என் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து ஒரு குத்து குத்தினான். உஸ்ஸென்று காற்று இறங்கியது.

"இழுங்க மாமா, நல்லா இழுங்க. கீழ ஊர்க் காத்து. ஃபேக்டரியில அடைச்சு அனுப்பியிருக்கான்."

நாலாயிரம் மீட்டருக்கு மேலே போனால், கீழே மூடி ஒட்டிய பொட்டலம் எதுவானாலும் தலையணை மாதிரி உப்பிக்கொள்ளும். பேனா கசியும். தேநீர் தளதளவென்று கொதிக்கும், ஆனால் நாக்கில் சுடாது. ஐந்து வருடமாக இதையெல்லாம் பார்த்தவன்தான். ஆனாலும் ஒரு பாக்கெட்டைக் குத்தி என் முகத்தில் ஊதாவிட்டால் அவனுக்கு மலை ஏறிய திருப்தி இருக்காது.

இரண்டு பிஸ்கட் தின்றான். இருமினான்.

"என்னடா இருமல்?"

"பிஸ்கட் தூளு மாமா."

பிளாஸ்க் மூடியில் இருந்த வெதுவெதுப்பான தேநீரைக் குடித்துவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு துணியால் துடைத்து என்னிடம் ஒப்படைத்தான். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் ஏறிக்கொண்டான். கடிகாரம் ஒன்பதரை காட்டியது.

"ஒன்றரைக்கு எழுப்புங்க. முன்னாடி எழுப்பினீங்க, அக்காகிட்ட சொல்லிடுவேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"மாமா வண்டி ஓட்டறப்போ பாடறார்னு. மிச்சத்த அக்கா பாத்துக்கும்."

திரையை இழுத்து மூடினான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே லாரியின் ஓட்டுநர்கள். அவனுடைய அக்கா என் மனைவி. இந்த விரைவுச்சாலையில் நான் பதினான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன். அவன் என்னோடு ஐந்து வருடம். நான்கு மணி நேரம் அவன், நான்கு மணி நேரம் நான். வீட்டில் நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய நேரம் ரொம்பக் குறைவு. லாரியில் ஒருவன் ஓட்டினால் இன்னொருவன் தூங்குவான். ஆக எங்கள் உறவு முழுக்க இந்த மாதிரிப் பத்து நிமிடங்களில்தான் நடந்தது.

எங்களுக்குள் இரண்டு சட்டம் இருந்தது. ஒன்று நான் போட்டது. முதல் பயணத்தில் அவன் என்னை ஐந்து தடவை எழுப்பினான். பனி பெய்கிறது, எழுந்து பாருங்கள். பருந்து, எழுந்து பாருங்கள். பாலத்துக்குக் கீழே மேகம் போகிறது, எழுந்து பாருங்கள். ஐந்தாவது தடவை நான் சொன்னேன்: "வண்டி பத்திக்கிட்டா எழுப்பு. போலீஸ் நிறுத்தினா எழுப்பு. வேற எதுக்கும் என் முறை வர்ற வரைக்கும் எழுப்பாதே." அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டு எனக்கும் திருப்பிப் போட்டான். தூங்குகிறவனை எழுப்புவது இல்லை என்பது பிறகு எங்களுக்கு ஒரு மரியாதை மாதிரியே ஆகிவிட்டது. ஒரு தடவை டயர் வெடித்து, நான் தனியாக அதை மாற்றி முடித்து, கையைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினேன், அவன் எழுந்து, "எங்கயாவது நின்னோமா?" என்று கேட்டான். அதில் எனக்கு ஒரு பெருமை.

இரண்டாவது சட்டம் அவன் போட்டது. மலைக்கு அந்தப் பக்கம் நாங்கள் சரக்கு இறக்கும் யார்டின் கேட்டை சரியாக ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். ஒருமுறை ஒன்பது நிமிடம் தாமதமாகிப் போய், விடியும்வரை கேட்டுக்கு வெளியே கிடந்தோம். மறுநாள் காலை முதல் வேலையாக வண்டியின் கடிகாரத்தைப் பதினோரு நிமிடம் முன்னால் தள்ளி வைத்தான்.

"ஒன்பது நிமிஷம்தானே லேட்டு? பதினொண்ணு எதுக்கு?"

"ஒன்பது நிமிஷம் லேட்டுக்கு. ரெண்டு நிமிஷம் ஒண்ணுக்குப் போக."

அதற்குப் பிறகு எங்களுக்கு எல்லாமே அந்தக் கடிகாரம்தான். தூக்கம், முறை, சாப்பாடு எல்லாம் அதன்படி.

அந்தப் பயணத்தில் மேலே இருக்கும் ஓய்வு நிறுத்தத்தில் இரண்டு இரவு மாட்டிக்கொண்டோம். கணவாயில் பனி, சாலையை மூடியிருந்தார்கள். நாலாயிரத்து நூறு மீட்டர் என்று வாசலிலேயே பச்சைப் பலகை நிற்கும். அங்கே இரண்டு இரவு தூங்கியதுதான் அவனைக் கெடுத்தது என்று பிறகு சொன்னார்கள். கீழேயிருந்து கிளம்பும்போதே அவனுக்குச் சளி இருந்தது. சளியோடு மேலே ஏறக் கூடாது என்பது ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்குத் தெரிந்தால் அந்த ஜோடியை இறக்கிவிட்டு வண்டியை வேறு ஜோடியிடம் கொடுத்துவிடுவார்கள். ஐந்து வருடம் பார்த்துப் பார்த்துத் திரை தைத்து, மெத்தை மாற்றி, வீடு மாதிரி வைத்திருந்த வண்டி. அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அவன் மூக்குறிஞ்சியது இரண்டு நாளாக என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் சாலையைத் திறந்தார்கள். அன்றைய முதல் முறை அவனுடையது. சின்ன நிறுத்தம் ஒன்றில் வண்டியை ஓரம் கட்டித்தான் அந்த பிஸ்கட்டைக் குத்தினான். அங்கிருந்து கிளம்பினால் உடனே ஒரு பலகை வரும்: அடுத்த வெளியேறும் வழி 61 கி.மீ. அதற்குள் திரும்ப முடியாது, இறங்க முடியாது. போகிற சாலை ஒரு பாலத்திலும் வருகிற சாலை இன்னொரு பாலத்திலும் தனித்தனியாக மலையைச் சுற்றி ஏறும். பதினான்கு வருடத்தில் அந்தப் பலகையை நான் படித்ததுகூட இல்லை. திரும்ப வேண்டியவன்தானே படிப்பான்.

பின்னால் இருபத்து நான்கு டன் தரை ஓடு. காற்று மெலிந்த இடத்தில் இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும். பனி வழுக்கலில் மணிக்குப் பதினைந்துக்கு மேலே ஏறவில்லை. நாலாயிரத்து இருநூறு, நாலாயிரத்து முன்னூறு என்று பலகைகள் மெதுவாக வந்து போயின. பின்னால் அவன் குறட்டை ஆரம்பித்தது. யார்டில் அவனுக்கு மில்லு என்று பெயர். அரவை மில். தூங்கும் கூடத்தில் அவன் இருந்தால் மற்றவர்கள் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்கே போய்விடுவார்கள். அந்தச் சத்தம் எனக்குத் துணை. வானொலி எடுக்காத இடங்களில் அதைக் கேட்டுக்கொண்டுதான் ஓட்டுவேன்.

பதினொன்றரை வாக்கில் சத்தம் மாறியது. நடுநடுவே இருமல். எழுப்பலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். தூங்கட்டும், முறை வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று விட்டேன்.

பன்னிரண்டு அடிக்கும்போது வண்டிகள் நின்றன. கணவாய்ச் சுரங்கத்தின் வாயில் பனி சரிந்து இரண்டு பக்கச் சாலையும் அடைபட்டிருந்தது. நான் நின்ற இடம் ஒரு நீண்ட பாலம். முன்னால் எண்ணெய் டேங்கர், பின்னால் ஒரு பயணிகள் பேருந்து, அதற்குப் பின்னால் வளைவு வரைக்கும் லாரிகள். வலது பக்கம் தடுப்பு. அதைத் தாண்டி ஒரு பத்து மீட்டர் வெறும் ஆகாயம். அதற்கு அந்தப் பக்கம் மற்றப் பாலம். கீழே இறங்குகிற சாலை அது. ஒரு வண்டி இல்லை. துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

கடிகாரம் ஒன்று பதினாறு காட்டும்போது என் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"பாலத்து மேல. டனல் வாயில பனி. தள்ளிக்கிட்டிருக்காங்க."

"சாப்பிட்டீங்களா? அவன் எங்க?"

"உன் தம்பியா? மில்லு ஓடுது. கேக்கறியா?"

போனைத் திரைக்குள் நீட்டிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தேன். திரும்ப எடுத்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது, இன்னிக்கு ஈர அரிசியா அரைக்கறான்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எழுப்பட்டுமா? பேசறியா?"

"வேணாம், தூங்கட்டும் பாவம். எழுந்ததும் பேசச் சொல்லுங்க."

ஒன்றரை ஆனதும் திரையை விலக்கினேன். "டேய் மில்லு, முறை வந்தாச்சு" என்று காலைத் தட்டினேன். அவன் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. வாயோரத்தில் இளஞ்சிவப்பாக நுரை. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. நான் கேட்டுக்கொண்டு வந்த சத்தம்.

"ஏண்டா கூப்பிடல?"

அவன் என்னைப் பார்த்தான். பேசுவதற்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. "ஓட்டிக்கிட்டிருந்தீங்க... முறை வரல... மாமா."

பாலத்தில் ஒவ்வொரு இரண்டு கிலோமீட்டருக்கும் ஒரு அவசரத் தொலைபேசி இருக்கும். கடவுள் புண்ணியத்தில் ஒன்று ஐம்பதடி தூரத்தில் இருந்தது. ஓட நினைத்தேன், அந்த உயரத்தில் ஓட முடியாது, பத்து அடி வைத்ததும் கண் இருட்டியது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண் எடுத்தாள்.

"கம்பத்து நம்பர் சொல்லுங்க சார்."

சொன்னேன். அவன் நிலையையும் சொன்னேன்.

"உயரத்துல நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டிருக்கு சார், அவரக் கீழ இறக்கணும். அதுதான் முதல் மருந்து. ஆயிரம் மீட்டராவது இறக்கணும்."

"எப்படிம்மா இறக்கறது? பின்னாடி வண்டி, முன்னாடி வண்டி. எக்ஸிட் இன்னும் முப்பத்தோரு கிலோமீட்டர் மேல இருக்கு. அதுவும் டனலத் தாண்டி."

"தெரியும் சார்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எதிர்ச் சாலை காலியா இருக்கு. அது வழியா ரோந்து வண்டிய ஆம்புலன்ஸோட மேல அனுப்பறேன். உங்களுக்குப் பின்னாடி அறுநூறு மீட்டர்ல பாலம் முடியுது. அங்க நடுவுல ஒரு கேட் இருக்கு. அங்க தூக்கிட்டு வந்துடுங்க. அரை மணி நேரம்."

திரும்பி வந்தபோது பேருந்தின் ஓட்டுநர் என் வண்டிப் படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட வயது குறைந்தவர், குரங்குக் குல்லா போட்டவர். அவர் கையில் ஒரு சின்ன ஆக்சிஜன் டப்பா இருந்தது. பயணிகளுக்காக வைத்திருப்பது.

"எத்தன நேரமா அண்ணே இப்படி?"

"தெரியல. குறட்டைன்னு நெனச்சேன்."

அவர் டப்பாவின் மூடியை அவன் மூக்கில் வைத்து அழுத்தினார். பிறகு மெதுவாக, "எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. என் பஸ்ல ஒருத்தர் இருந்தார், நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். "நடக்க விடாதீங்க. படுக்க வைக்காதீங்க. வண்டி வந்தப்புறம் தார்ப்பாயில தூக்கிக்கிட்டு ஓடிடலாம். ஆள் நான் சேக்கறேன்."

என் ஓட்டுநர் சீட்டில் அவனை உட்காரவைத்து, என் தோளில் சாய்த்துக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே அந்தக் காலிச் சாலை. நான் நடுவிலிருந்த அந்தப் பத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வண்டியின் நீளம்கூட இல்லை. அந்தப் பக்கம் மட்டும் இருந்திருந்தால், பிரேக்கை எடுத்துவிட்டாலே போதும், வண்டி தானாகக் கீழே போகும்.

டப்பா இருபது நிமிடத்தில் தீர்ந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. மறுபடி போய்க் கேட்டேன்; எதிர்ச் சாலையிலும் ஒரு வளைவில் பனி, தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். "வந்துக்கிட்டேதான் இருக்காங்க சார், லைன்லயே இருங்க" என்றாள். லைனில் இருந்தால் அவனோடு யார் இருப்பது? தொலைபேசியை அப்படியே தொங்கவிட்டு வந்தேன்.

டேஷ்போர்டில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று மிச்சம் இருந்தது. நன்றாக உப்பியிருந்தது. அதை ஏன் எடுத்தேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றி, அவன் மூக்குக்கு அடியில் பிடித்துக் குத்தினேன். உஸ்ஸென்றது. அவன் கண் என் பக்கம் திரும்பியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புத்தான், எனக்குத் தெரியும்.

"பிஸ்கட்... நமுத்திருக்கு" என்றான்.

அதற்குப் பிறகு பேசவில்லை. கீழே மூன்றாவது வளைவில் ஒரு மஞ்சள் விளக்கு சுற்றிக்கொண்டு வருவது தெரிந்தது. காலிச் சாலையில் அது மட்டும். பேருந்துக்காரர் ஆட்களைக் கூப்பிட ஓடினார். தார்ப்பாயை விரித்தார்கள். நான் அவன் தோளைப் பிடித்துத் தூக்கப் போனபோது அந்தக் கொப்பளிக்கிற சத்தம் நின்றிருந்தது. ஐந்து வருடத்தில் முதல் தடவையாகக் கேபினில் ஒரு சத்தமும் இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

தூக்கிக்கொண்டுதான் போனோம். ஆறு பேர், அறுநூறு மீட்டர், ஐம்பது அடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கி. கேட்டில் காத்திருந்தவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள், மறுபடி அழுத்தினார்கள். ரோந்துக்காரர் ஒரு படிவத்தை எடுத்தார்.

"மூச்சு நின்ன நேரம் தெரியுமாங்க?"

"ரெண்டு அம்பத்தொண்ணு" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நான் ஆம்புலன்ஸில் ஏறப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"உங்க வண்டி நடு ரோட்ல நிக்குதுங்க. டனல் இப்போ திறந்துடுவாங்க. நீங்க எடுக்கலன்னா பின்னாடி இருக்கிற அத்தன பேரும் மாட்டிக்குவாங்க. ஓட்ட வேற ஆள் இருக்கா?"

வேறு ஆள் அவன்தான்.

அவன் கீழே போனான். நான் மேலே போனேன். அரை மணி நேரத்தில் வண்டிகள் நகர ஆரம்பித்தன. முப்பத்தோரு கிலோமீட்டர் ஓட்டினேன். நாலாயிரத்து ஐந்நூறு. நாலாயிரத்து அறுநூறு. சுரங்கத்துக்குள் ஏழு நிமிடம். கண்ணீர் வந்தால் துடைக்க ஓரம் கட்ட இடமில்லாத சாலை அது. ஒவ்வொரு பலகையும் என்னை அவனிடமிருந்து இன்னும் நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. நாலரை மணி வாக்கில் மனைவியின் போன் அடித்தது. ஓட்டும்போது நான் எடுக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை மணியடித்ததும் விட்டுவிட்டாள். வெளியேறும் வழியில் இறங்கி, முதல் காலி இடத்தில் நிறுத்தி, நான் கூப்பிட்டேன்.

அவளிடம் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு, காலையில், துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்குப் போன்ல நான் கேட்டது குறட்டைதானே?"

இந்தக் கேள்விக்காகத்தான் முப்பது நாளும் பயந்துகொண்டிருந்தேன். குறட்டைதான் என்று சொல்லிவிடலாம் என்றுகூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அவனுடைய சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தது.

"இல்ல" என்றேன்.

சட்டையின் கையை உள்ளே மடித்தாள். "ஈர அரிசின்னு சொன்னேனே."

"ம்."

"சிரிச்சேன்."

"நானும்தான் சிரிச்சேன்."

"எழுப்ப வேணாம்னும் நான்தானே சொன்னேன்."

"நீ சொல்லலேன்னாலும் நான் எழுப்பியிருக்க மாட்டேன். முறை வரலை."

பிறகு அவள் மீதித் துணியை மடித்தாள்.

இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது அவளும் வந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த எழுத்தர் தாளை வெளியே தள்ளினார். "எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க. பேரு, வயசு, நேரம். திருத்தணும்னா இப்பவே சொல்லிடணும், அப்புறம் வந்தா நாயா அலையணும்."

பிற்பகல் 2:51 என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது எங்கள் வண்டியின் நேரம். உலகத்துக்கு இரண்டு நாற்பது. மனைவி தன் போனை எடுத்து, அன்று பேசிய நேரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐந்து.

"நான் பேசினதுக்கு அப்புறம் ஒண்ணே முக்கால் மணி நேரம் இருந்திருக்கான்" என்றாள்.

அதில் பதினோரு நிமிடம் எங்கள் கடிகாரம் கொடுத்தது. அவளிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தவன்தான் நான். "சரியா இருக்கு" என்று எழுத்தரிடம் சொன்னேன்.

கம்பெனி எனக்கு வேறு ஒரு ஜோடியைக் கொடுத்தது. என் வயதுக்காரர், குறட்டை விடாதவர். முதல் நாளே நான் அவரிடம் சொன்னேன்: "எதுன்னாலும் என்னை எழுப்புங்க. நானும் எழுப்புவேன்." இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரையை விலக்கிப் பார்க்கிறேன். தூக்கம் கெடுகிறது என்று திட்டுகிறார். திட்டட்டும், மூச்சு இருக்கிறதே.

முந்தாநாள் அவர் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டே, "கடிகாரம் பதினோரு நிமிஷம் முன்னாடி ஓடுதே, சரி பண்ணிடவா?" என்று கேட்டார்.

"வேணாம். அது யார்டுக்காக வெச்சது" என்றேன்.

"யார்டுக்கா?"

யார்டின் கேட்டை இப்போதும் ஐந்து மணிக்குத்தான் மூடுகிறார்கள்.